அரை கிலோமீட்டருக்கும் வண்டிதான் எடுக்கிறோம், நடக்க வைக்க என்ன வழி?

பொடிநடை (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு வேலையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள், நானும் மனதாரத்தான் ஏற்றுக்கொண்டேன். கடை, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப், நூலகம் என்று கூப்பிடு தூரத்தில் இருக்கிற இடங்களுக்கு ஆட்கள் நடந்து போக வேண்டும், அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்துச் சொல்ல வேண்டும். நான் கேட்பது உடம்புக்காக நடப்பதைப் பற்றி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்ச்சேர வண்டிச் சாவியைத் தேடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பற்றிக் கேட்கிறேன்.

ஏற்கெனவே ஒரு தடவை முயன்று பார்த்தோம். ஒரு வாரத்தை நடை வாரம் என்று அறிவித்து, பேனர் கட்டி, வாட்ஸ்அப் குழுவில் யார் எத்தனை அடி நடந்தார்கள் என்று தினமும் போட்டி வைத்து, முதல் மூன்று பேருக்குப் பரிசும் கொடுத்தோம். வாரம் முழுக்க நல்ல உற்சாகம். ஆனால் அந்த அடிகளில் பெரும்பகுதி மொட்டை மாடியிலும் பூங்காவுக்குள்ளும் நடந்தது. பூங்கா வரைக்கும் வண்டியில் போய், வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே ஐந்து சுற்று நடந்துவிட்டு, மறுபடி வண்டியில் வீடு திரும்பியவர்களை நானே பார்த்தேன். போட்டி முடிந்த மறு திங்கட்கிழமை காலையில் தெருமுனையில் அரைமணி நேரம் நின்று எண்ணினேன். பள்ளிப் பக்கம் திரும்பியவை 64 வண்டிகள், நடந்து போனவர்கள் ஒன்பது பேர். பள்ளி எங்கள் தெருவிலிருந்து 650 மீட்டர்தான்.

சோம்பேறித்தனம், வேறென்ன என்று சங்கத்தில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. மாடிப்படியில் தண்ணீர்க் கேன் தூக்குகிறவர்கள், வீட்டு வேலை முழுக்கச் செய்கிறவர்கள், அவர்கள் 650 மீட்டருக்குச் சோம்புகிறார்கள் என்றால் எப்படி நம்புவது? வேறு ஏதோ தடுக்கிறது. அது என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, உண்மையிலேயே எது பலன் கொடுத்தது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். விழிப்புணர்வுப் பேரணி மட்டும் வேண்டாம், அது போதும் போதும் என்று ஆகிவிட்டது.


அளவுநாடா (பதில்):

உங்கள் சந்தேகம் சரியானது நண்பரே, அதை விட்டுவிடாதீர்கள். சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் தெருவைப் பார்க்க மாட்டார்கள், மனிதர்களைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

நான் செய்தது இது. எங்கள் மாடியில் குடியிருக்கும் ஒரு பாட்டி, எழுபதைத் தாண்டியவர், பஸ் ஸ்டாப் வரைக்கும் ஆட்டோ பிடித்துத்தான் போவார். ஒருநாள் நானும் கூட வருகிறேன், நடந்தே போகலாம் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தூரம் 700 மீட்டர். நான் எதுவும் பேசவில்லை, அவர் எங்கே நிற்கிறார், எங்கே பாதையை விட்டு ரோட்டுக்கு இறங்குகிறார் என்று மட்டும் பார்த்தேன். முதல் இடம், நடைபாதை தொடங்குகிற இடமே. தரையிலிருந்து உயரம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. பிறகு நாடா வைத்து அளந்தேன், 35 சென்டிமீட்டர். வழக்கமாக 15 சென்டிமீட்டர் உயரமே போதும். பைக் ஏறக்கூடாது என்று உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், அதில் பைக்கும் ஏறவில்லை, பாட்டியும் ஏறவில்லை. அவர் விளிம்பில் கையை வைத்து, ஒரு காலைத் தூக்கிப் பார்த்து, வேண்டாம் என்று இறக்கிவிட்டு, ரோட்டோரமாகவே நடக்க ஆரம்பித்தார். பின்னால் லாரி ஹார்ன் அடித்தபோது என் கையைப் பிடித்த பிடி இன்னமும் நினைவில் இருக்கிறது.

அப்புறம் ஒவ்வொரு கேட்டுக்கும் நடைபாதையை வெட்டிச் சரித்திருந்தார்கள். கார் உள்ளே போக வசதி. நடப்பவர் பத்தடிக்கு ஒருமுறை இறங்கி ஏற வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்யலாம், நடைபாதை ஒரே மட்டமாக ஓடட்டும், கார் சிறு சரிவில் ஏறி அதைக் கடந்து போகட்டும். காருக்கு எஞ்சின் இருக்கிறது, ஏறிவிடும். நெதர்லாந்தில் குடியிருப்புத் தெரு பிரிகிற இடங்களில் இப்படித்தான் நடைபாதை அறுபடாமல் நேராகப் போகும். வண்டிக்காரர் தான் நடப்பவரின் இடத்துக்குள் நுழைகிறோம் என்று சக்கரம் ஏறும்போதே உணர்வார்.

கடைசி இடம் சிக்னல். ரோடு 14 மீட்டர் அகலம். நடப்பவருக்கான பச்சை விளக்கை நொடிக்கு 1.2 மீட்டர் என்ற கணக்கில் வைப்பது நெடுங்காலப் பழக்கம். அந்தக் கணக்கில் 12 நொடி போதும். பாட்டியின் நடை நொடிக்கு 0.8 மீட்டர்கூட இருக்காது. அவருக்கு 17, 18 நொடி வேண்டும். பச்சை முடிந்தபோது நாங்கள் மூன்றாவது லேனில் நின்றோம். அமெரிக்காவின் போக்குவரத்துக் கருவிகள் கையேட்டில் 2009ஆம் ஆண்டு இந்த வேகத்தைச் சுமார் 1.07 மீட்டராகக் குறைத்தார்கள், காரணம் இதே போன்ற மெதுநடைக்காரர்கள்தான். சில நொடிகள், அவ்வளவே. பெட்டிக்குள் ஓர் எண்ணை மாற்றினால் முடிந்தது, ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த வேண்டாம்.

நான் புரிந்துகொண்டது என்னவென்றால், 700 மீட்டரில் 650 மீட்டர் நன்றாக இருந்தும் பயன் இல்லை. மீதி 50 மீட்டரில் எது மோசமோ அதை வைத்துத்தான் அவர் ஆட்டோ பிடிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். கயிறு அறுவது ஓர் இடத்தில்தான். அதனால் ஊர் முழுக்க நடைபாதை என்று பெரிய திட்டத்தோடு கிளம்பாதீர்கள். ஒரே ஒரு வழியை எடுங்கள், உங்கள் பள்ளி வழியையே எடுங்கள், அது எங்கெங்கே அறுகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, அடி எண்ணும் போட்டி பற்றி. பத்தாயிரம் அடி என்ற இலக்கு 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது, அந்தப் பெயரின் பொருளே பத்தாயிரம் அடி அளவி என்பதுதான். உடம்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கடைக்குப் போன 800 அடிக்கும் மாடியில் சுற்றிய 800 அடிக்கும் அது வித்தியாசம் பார்க்காது. நீங்கள் எண்ண வேண்டியது அடிகளை அல்ல, வண்டி எடுக்காமல் முடிந்த வேலைகளை.


நிமிடக்கணக்கு (பதில்):

அளவுநாடா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முழுக்க அது மட்டும் காரணம் இல்லை. பாதை நன்றாகவே இருக்கிற தெருக்களிலும் வண்டி எடுக்கிறார்கள். அங்கே தடுப்பது மனசுக்குள் இருக்கும் தூரம்.

என் அலுவலகத்தில் ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு கிலோமீட்டர் இருக்கும் என்பார்கள். 900 மீட்டர்தான். வண்டியில் போகும்போது ஒருவழிப் பாதையில் சுற்றி, சிக்னலில் நின்று போவதால் அந்த வழிதான் மனதில் பதிந்திருக்கிறது. நடப்பவருக்குக் குறுக்குச் சந்து இருக்கிறது என்பது தெரியவே தெரியாது. நானும் பக்கத்து இருக்கை நண்பரும் ஒருநாள் ஒரே நேரத்தில் எழுந்து கிளம்பினோம். அவர் பைக், நான் நடராஜா சர்வீஸ். எனக்கு 11 நிமிடம். அவர் லிஃப்டில் அடித்தளத்துக்கு இறங்கி, நெருக்கி நின்ற இரண்டு வண்டிகளை நகர்த்தித் தன் வண்டியை வெளியே எடுத்து, ஹெல்மெட் மாட்டி, சுற்றி வந்து, நிலையத்தில் இடம் தேடி, டோக்கன் வாங்கி, நடைமேடைக்கு வந்தபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. இரண்டே நிமிடம் வித்தியாசம். வண்டி ஓடுகிற நேரத்தை மட்டும் நாம் கணக்கில் வைக்கிறோம், அதன் முன்னும் பின்னும் போகிற நிமிடங்களை யாரும் எண்ணுவதில்லை.

இதை ஓர் ஊரே செய்து காட்டியிருக்கிறது. ஸ்பெயினின் வடமேற்கில் போன்தெவேத்ரா என்று ஒரு சிறு நகரம், மக்கள்தொகை எண்பதாயிரத்தைச் சுற்றி. அங்கே மெட்ரோ ரயில் வரைபடம் மாதிரியே ஒரு படம் வரைந்தார்கள், பெயர் மெட்ரோமினூட்டோ. நிலையங்களுக்குப் பதில் சந்தை, மருத்துவமனை, சதுக்கம் என்று இடங்கள், கோடுகளின் மேல் நடக்கிற நிமிடங்கள். பார்த்தவுடன், அட, அங்கே போக ஆறு நிமிடம்தானா என்று தோன்றும். பிறகு வேறு பல நகரங்களும் இந்தப் படத்தைப் பின்பற்றின. உங்கள் சங்கத்துக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கைக்கடிகாரத்தோடு இரண்டு பேர் நடந்து பார்த்து எழுதி, ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் ஒட்டுங்கள். கிலோமீட்டர் போடாதீர்கள், நிமிடம் போடுங்கள்.

ஆனால் ஒன்று, அந்த ஊர் வரைபடத்தோடு தொடங்கவில்லை. 1999இல் மிகேல் அன்ஷோ பெர்னாந்தெஸ் லோரெஸ் மேயரானதும் முதல் வேலையாக ஊரின் மையத்தைக் கார்கள் குறுக்கு வழியாகக் கடந்து போவதையும் நிறுத்த இடம் தேடிச் சுற்றுவதையும் குறைத்தார்கள். நடைபாதை, ரோடு என்ற மேடு பள்ளமே இல்லாமல் தெருவை ஒரே மட்டமாக்கினார்கள். படம் அப்புறம்தான் வந்தது. எனவே அளவுநாடா சொல்வது முதலில், நான் சொல்வது இரண்டாவது. வெறும் படத்தை ஒட்டிவிட்டு, 35 சென்டிமீட்டர் மேடையை அப்படியே விட்டால் அதுவும் இன்னொரு பேனர்தான்.


பொடிநடை:

இரண்டு பேருக்கும் நன்றி, நிஜமாகவே கண்ணைத் திறந்துவிட்டீர்கள். ஆனால் ஒரு சிக்கல். ரோட்டில் கை வைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. மனு கொடுத்தால் பார்க்கலாம் என்பார்கள். இன்னொரு பக்கம், முனையில் வண்டி நிறுத்தக்கூடாது என்று பேச்சை எடுத்ததுமே கடைக்காரர்கள், எங்கள் வியாபாரம் என்ன ஆவது என்று கேட்டார்கள். அவர்கள் கவலையும் நியாயம்தான், பகைத்துக்கொள்ள எனக்கு விருப்பம் இல்லை. பணமும் அதிகாரமும் இல்லாதவர்கள் எங்கிருந்து தொடங்குவது?


முனைத்திருப்பம் (பதில்):

நான் சாலை வடிவமைப்பு வேலையில் இருப்பவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் குழந்தையை ஏன் நடக்க விடுவதில்லை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும், ரோட்டைக் கடக்கப் பயம். அந்தப் பயம் சரியான பயம். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். ஓட்டுபவர் ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார், அந்த ஒரு நொடியில் ஓடியதையும் சேர்த்து, காய்ந்த ரோட்டில் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டரில் வருகிற கார் அதே 13 மீட்டரில் பிரேக்கையே மிதித்திருக்காது, அந்த ஒரு நொடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடியிருக்கும். முதல் கார் நின்ற இடத்தில் இரண்டாவது கார் முழு வேகத்தில் இருக்கிறது. குழந்தை அங்கே நிற்கிறது. இதனால்தான் ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் விஷன் ஜீரோ கொள்கையை ஏற்றபோது, மனிதர்கள் தவறு செய்யத்தான் செய்வார்கள், அந்தத் தவறுக்கு உயிரை விலையாக வாங்காதபடி சாலையை அமைப்பது நம் பொறுப்பு என்ற அடிப்படையில் தொடங்கினார்கள். நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவில் பல ஆண்டுகளாக வேகத்தைக் குறைத்து, மையத்தில் நூற்றுக்கணக்கான பார்க்கிங் இடங்களை எடுத்துவிட்டு, பள்ளிகளைச் சுற்றிக் கார் வராமல் செய்தார்கள். 2019இல் அந்த நகரத்தில் நடந்துபோன ஒருவர்கூட, சைக்கிளில் போன ஒருவர்கூட விபத்தில் சாகவில்லை.

பலகை மாட்டினால் வேகம் குறையாது. தெருவின் வடிவம்தான் வேகத்தைச் சொல்லிக்கொடுக்கும். முனையை அகலமாக வளைத்துக் கட்டினால் வண்டி வேகம் குறையாமலேயே திரும்பும், முனையை இறுக்கினால் குறைத்தே ஆகவேண்டும், கடக்க வேண்டிய தூரமும் சுருங்கும். உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த முனையைத்தான். பள்ளிக்குப் போகிற வழியில் முனையை ஒட்டிக் கார் நிற்கிறதா? அப்படியென்றால் எட்டு வயதுக் குழந்தை எட்டிப் பார்க்கிற உயரத்தில் அதற்குத் தெரிவது கார் கதவு மட்டும்தான், வருகிற வண்டிக்காரருக்கும் குழந்தை தெரியாது. ஒருநாள் அந்த முனையில் முழங்காலிட்டு, குழந்தையின் கண் உயரத்தில் பாருங்கள், போட்டோவும் எடுங்கள். நான் கொடுத்த எத்தனையோ வரைபடங்கள் செய்யாததை அந்த ஒரு போட்டோ செய்திருக்கிறது. மனுவோடு அதை வையுங்கள்.

அப்புறம், நிரந்தரமாக எதையும் கேட்காதீர்கள். ஒரு மாதச் சோதனை என்று கேளுங்கள். பெயின்ட், கூம்பு, பெரிய பூத்தொட்டி, இவை போதும். முனையிலிருந்து ஆறேழு மீட்டருக்கு வண்டி நிற்காதபடி தொட்டி வைத்துப் பார்க்கலாம் என்றால் அதிகாரிக்கும் கையெழுத்துப் போடப் பயம் இருக்காது, பிடிக்கவில்லை என்றால் தொட்டியை எடுத்துவிடலாம். அனுமதி வாங்கிச் செய்யுங்கள், ராத்திரியோடு ராத்திரியாக வைத்துவிட்டு வம்பில் மாட்டாதீர்கள்.

கடைக்காரர்கள் கவலைக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனின் ஸ்ட்ரோகெட் தெரு, ஒரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூட நீளம், 1962 நவம்பரில் சோதனை என்று சொல்லித்தான் அதில் கார் வருவதை நிறுத்தினார்கள். அன்றும் கடைக்காரர்கள் எதிர்த்தார்கள், வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள், இந்தக் குளிர் ஊரில் யார் தெருவில் நடப்பார்கள் என்றும் பேச்சு. சோதனை அப்படியே நிலைத்தது, இன்று அது ஊரின் முதன்மையான கடைத்தெருக்களில் ஒன்று. முக்கியமான விஷயம், அவர்கள் அத்தோடு நிற்கவில்லை, மையத்தின் பார்க்கிங்கைப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு சிறுகச் சிறுகக் குறைத்தார்கள். ஒரே நாளில் பிடுங்கியிருந்தால் ஊர் கொதித்திருக்கும். உங்கள் கடைக்காரர்களிடம், முனையில் நிற்கிற வண்டிகள் யாருடையவை என்று ஒருநாள் முழுக்கச் சேர்ந்து உட்கார்ந்து எண்ணலாமா என்று கேளுங்கள். நான் வேலை பார்த்த இரண்டு இடங்களில் காலை முதல் மாலை வரை நின்றவை பெரும்பாலும் கடை ஊழியர்களின் வண்டிகளாக இருந்தன. வாடிக்கையாளருக்கு அங்கே இடமே கிடைக்கவில்லை.


விளக்கடி (பதில்):

எல்லோரும் பகல் நேரத்தையே பேசுகிறீர்கள். நான் இரவு எட்டரைக்கு வேலை முடிந்து வருகிறவள், பஸ் இறங்கி வீட்டுக்கு 600 மீட்டர். காலையில் நடந்து போகிறேன், ராத்திரி அதே வழியில் நடப்பதில்லை, அண்ணன் வண்டியில் வந்து கூட்டிப்போகிறார். அதாவது நான் ஒருத்தி நடக்காததால் ஒரு வண்டி வீட்டிலிருந்து கிளம்பி வந்து திரும்புகிறது. இந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

என்ன தடுக்கிறது என்றால், முதலில் விளக்கு. தெருவில் விளக்கே இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது, ஆனால் அது ரோட்டுக்கு நடுவே வெளிச்சம் விழும்படி உயரத்தில் மாட்டியது. நடைபாதைக்கு மேல் மரக்கிளை அடர்ந்து கிடப்பதால் நான் நடக்கிற இடம் மட்டும் இருட்டு. பகலில் எனக்கு நிழல் கொடுக்கிற அதே மரம், அதை வெட்டச் சொல்லவே மாட்டேன், நடப்பவர் தலைக்குச் சற்று மேலே, கிளைக்குக் கீழே இன்னொரு சிறிய விளக்கு வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

இரண்டாவது, சுவர். என் வழியில் 200 மீட்டருக்கு ஒரே காம்பவுண்ட் சுவர், ஒரு கதவு கிடையாது, ஒரு ஜன்னல் கிடையாது. எதிர்ப்பக்கமும் அதேபோல. அந்த 200 மீட்டரில் ஏதாவது நடந்தால் கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. சுவர் முடிந்து சின்னச் சின்னக் கடைகளும் வீட்டு வாசல்களும் வந்ததும் என் நடை தானாகவே நிதானமாகிவிடும், கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது நின்றுவிடும். ஒரு தெரு நடக்க ஏற்றதா என்று பார்க்க வேண்டுமானால் நூறு மீட்டருக்கு எத்தனை கதவு என்று எண்ணுங்கள். கோபன்ஹேகனில் யான் கேல் என்ற கட்டடக் கலைஞர் அறுபதுகளிலிருந்தே தெருவில் நின்று மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே வேகமாகக் கடக்கிறார்கள் என்று எழுதிவைத்தவர். அவர் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதான், கதவும் ஜன்னலும் நெருக்கமாக இருக்கிற இடத்தில் ஆட்கள் மெதுவாகப் போவார்கள், நிற்பார்கள். நான் அதைப் படிப்பதற்கு முன்பே என் கால் கண்டுபிடித்திருந்தது.

பொடிநடை அண்ணா, நீங்கள் ஆய்வுக்குப் போகும்போது ஒருமுறை காலையிலும் ஒருமுறை இருட்டிய பிறகும் போங்கள். இருட்டிய பிறகு போகும்போது பெண்களை முன்னால் நடக்கவிட்டு நீங்கள் பின்னால் வாருங்கள், எங்கே வேகம் கூடுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.


வெண்கோல் (பதில்):

சுருக்கமாக ஒன்று. எனக்குப் பார்வை இல்லை, ஸ்க்ரீன் ரீடர் மூலம் உங்கள் உரையாடலைக் கேட்டேன். நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் மேடிட்ட கோடும் புள்ளியும் இருக்கிற ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு வைத்தது இல்லை. ஜப்பானில் செயிச்சி மியாக்கே என்பவர் 1965இல் கண்டுபிடித்தது, 1967இல் ஒக்கயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதலில் பதித்தார்கள். கோடு என்றால் நேராகப் போகலாம், புள்ளி என்றால் நில், முன்னால் ஏதோ இருக்கிறது. என் கோலும் பாதமும் அதைத்தான் படிக்கின்றன.

எங்கள் பகுதியில் அந்த ஓடு நேராகப் போய் ஒரு மின்பெட்டியில் முட்டுகிறது. பதித்தவர்கள் பெட்டியைச் சுற்றி வளைக்கவில்லை. நான் கோட்டை நம்பி நடந்து நெற்றியில் தையல் போட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் வீட்டில் தனியாக விடுவதில்லை. எனக்கு 300 மீட்டர் தூரத்தில் இருக்கிற தபால் நிலையத்துக்குக்கூட யாராவது வண்டியில் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. பொடிநடை சார், உங்கள் வழியில் இந்த ஓடு இருந்தால் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு, தோளில் ஒருவர் கையை வைத்துக்கொள்ள, அதன்மேல் நடந்து பாருங்கள். வண்டி நிறுத்தியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

சரிவுப் பாதையைப் பற்றியும். சக்கர நாற்காலிக்காக என்று கேட்டால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எதிர்க்கேள்வி வரும். அமெரிக்காவில் கலமசூ என்ற ஊரில் 1940களில் போரில் கால் இழந்து திரும்பியவர்களுக்காகத்தான் முனைகளில் சரிவு வைத்தார்கள். வைத்த பிறகு அதில் யாரெல்லாம் ஏறுகிறார்கள் என்று எந்த ஊரிலும் பார்க்கலாம், குழந்தை வண்டி தள்ளுகிறவர், பெட்டி இழுக்கிறவர், முட்டி வலிக்காரர். அளவுநாடா சொன்ன பாட்டியும்தான்.


பொடிநடை:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளி வழி 650 மீட்டரை எடுத்தோம். முதல் நடையில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், அவன் அம்மா, ஊன்றுகோல் பிடித்த பெரியவர் ஒருவர், நான். இருட்டிய பிறகு விளக்கடி தங்கை சொன்னபடி இன்னொரு நடை. மொத்தம் 11 இடங்களில் பாதை அறுந்தது. எனக்குத் தெரிந்து அந்தத் தெருவில் பதினெட்டு வருடமாக வாழ்கிறேன், இந்தப் பதினொன்றில் நான்கைத்தான் என்னால் முன்கூட்டிச் சொல்ல முடிந்திருக்கும். பையன் காட்டியது ஒன்று, பெரியவர்கள் யாருக்குமே தெரியாதது. பள்ளிக்கு எதிர்ப்புறம் நடைபாதையில் ஒரு விளம்பரப் பலகையின் கம்பி முனை சரியாக அவன் கண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு அது நெஞ்சு உயரம், ஒதுங்கிப் போய்விடுவோம். அதை அன்று மாலையே கடைக்காரர் உள்ளே எடுத்து வைத்துவிட்டார், கேட்டதும் முகம் மாறி மன்னிப்பும் கேட்டார்.

முனையில் முழங்காலிட்டு எடுத்த போட்டோவோடு மனு கொடுத்தோம். ஒரு மாதச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது, நான்கு பூத்தொட்டி வைத்திருக்கிறோம். கடைக்காரர்களோடு உட்கார்ந்து ஒருநாள் எண்ணியதில் முனையில் நின்ற ஏழு வண்டிகளில் ஐந்து அவர்கள் ஊழியர்களுடையவை. அவர்களே பின்தெருவில் ஒரு காலி இடத்தை ஏற்பாடு செய்துகொண்டார்கள், நான் வாயே திறக்கவில்லை. நிமிடப் படமும் ஒட்டியாயிற்று, நூலகம் ஏழு நிமிடம் என்பதை நம்பாமல் நடந்து பார்த்துவிட்டு வந்து எட்டு நிமிடம் ஆயிற்று என்று திருத்தச் சொன்னவர்கள் இருக்கிறார்கள், திருத்திவிட்டோம்.

போன திங்கட்கிழமை அதே முனையில் அதே அரைமணி நேரம் நின்றேன். 51 வண்டி, நடந்தவர்கள் 27 பேர். இதில் பதினாறு பேர் சேர்ந்து போகிற குழந்தைகள். ஜப்பானில் பிள்ளைகள் கூட்டமாக நடந்து பள்ளிக்குப் போவார்கள் என்று ஓர் அம்மா சொல்லி, முறைவைத்து இரண்டு பெற்றோர் முன்னும் பின்னும் நடந்து கூட்டிப்போகிறார்கள். மழை வந்த இரண்டு நாளும் எல்லோரும் வண்டிக்குத் திரும்பிவிட்டார்கள், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். தண்ணீர் தேங்குகிற இடம் பட்டியலில் ஏழாவது, அதற்கு வடிகால் வேலை வேண்டும், எங்களால் ஆகாது.

மின்பெட்டி ஒன்று எங்கள் வழியிலும் ஓட்டின்மேல் நிற்கிறது. வெண்கோல் அவர்களே, அதற்குத் தனி மனு எழுதியிருக்கிறேன், பெட்டியை நகர்த்த முடியாவிட்டால் அந்த ஓடுகளையாவது சுற்றி வளைத்துப் பதியுங்கள் என்று. புள்ளி ஓடு பெட்டிக்கு எவ்வளவு முன்னால் தொடங்கினால் உங்களுக்கு நிற்க வசதியாக இருக்கும், அந்த அளவைச் சொன்னால் மனுவில் சேர்த்து வியாழக்கிழமை கொடுத்துவிடுகிறேன். முனைத்திருப்பம் சார், சிக்னல் நொடிகளுக்கு யாரிடம் எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரிக் கடிதம் இருந்தால் போடுங்கள், ரோட்டு அகலத்தை அளந்து வைத்திருக்கிறேன், 15.4 மீட்டர்.